பாப்பா தலைமேல் வைத்த கை

அன்றைக்குக் கரட்டுமேட்டில், இடுப்பில் இருந்த என் மகளை நான் சட்டென்று பின்னால் இழுத்துக்கொண்டேனே, அது நேர்மையா, வெறும் பயமா? இன்றுவரை எனக்குப் பதில் தெரியவில்லை. ஒரு நாள் நேர்மை என்று தோன்றும். மறுநாள் காலையில் அவளுக்குத் தலை வாரும்போது, நேர்மையாவது ஒன்றாவது, ஒரு தாய் பயந்துவிட்டாள், அவ்வளவுதான் என்று தோன்றும்.

ஊர்ப் பெயரைச் சொல்லப் போவதில்லை. சேலத்திலிருந்து நாமக்கல் போகும் பெரிய சாலையை விட்டு உள்ளே வந்தால், கோழிப்பண்ணைகளின் நீண்ட கொட்டகைகளுக்கு நடுவே கிடக்கும் ஊராட்சிகளில் ஒன்று. எங்கள் வீட்டிலும் பண்ணைதான். என் மாமனார் முன்பு ஊராட்சித் தலைவராக இருந்தவர். மறுபடி நிற்கத் தயாராகிக்கொண்டிருந்தபோது, இந்த முறை தலைவர் பதவி பெண்களுக்கு என்று அறிவிப்பு வந்துவிட்டது. அத்தைக்கு, அதாவது என் மாமியாருக்கு, நான்கு பேர் கூடி நின்றாலே படபடப்பு வரும். மிச்சம் இருந்தது நான்.

கல்யாணத்துக்கு முன்பு ஒரு விடுதிப் பள்ளியில் இயற்பியல் நடத்தினேன். மகள் பிறந்ததும் நின்றுவிட்டேன். அன்று சாப்பிட்டுக்கொண்டே மாமா சொன்னார்: "அம்மிணி படிச்ச புள்ள. ஆபீசருங்ககிட்ட இங்கிலீசுல பேசும். அதையே நிக்க வெச்சரலாம்." என்னிடம் யாரும் கேட்டதாக ஞாபகம் இல்லை. நான் வேண்டாம் என்று சொன்னதாகவும் ஞாபகம் இல்லை. ரசம் ஊற்றிக்கொண்டிருந்தேன்.

சுவரொட்டி அடித்து வந்தது. மாமனார் படமும் கணவர் படமும் பெரிதாக, நான் ஓரத்தில், கீழே பூட்டு சாவி சின்னம். டீக்கடையில் ஒரு தாத்தா அதைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "ஏனுங்க, இத்தன பேரு இருக்கறாங்க, ஓட்டு யாருக்குங்க போடறது?" என்று கேட்டார். "சிரிக்காம நிக்குதுங்களே, அதுக்குத்தானுங்க" என்றார் என் கணவர். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அப்போதுதான் எனக்குச் சிரிக்கவே வருகிறது என்று மாமா நிம்மதியடைந்தார்.

ஓட்டுக் கேட்கக் கிளம்புவதற்கு முன் அவர் எனக்குப் பாடம் எடுத்தார். "கும்பிடு, சிரி, நடந்துட்டே இரு. நின்னா கேள்வி வரும். யாரு எதக் கேட்டாலும் செஞ்சு தர்றனுங்கன்னு சொல்லிப்போடு. பாக்கறேன்னு மட்டும் சொல்லாத. பாக்கறேன்னா இல்லைன்னு அர்த்தம்."

எனக்கு அது வரவில்லை. தெருவிளக்கு கேட்டால் "முயற்சி பண்றேங்க" என்பேன். சாக்கடை கேட்டாலும் அதேதான். பின்னாலேயே வந்த கணவர் உடனே, "செஞ்சு தர்றமுங்க" என்று என் வார்த்தையை மூடிக்கொண்டே வருவார். எங்கள் இரண்டு பேருக்கும் நடுவே ஊர்க்காரர்கள் எதை நம்பினார்களோ தெரியவில்லை.

என் மகள் அப்போது மழலை பேசத் தொடங்கியிருந்தாள். முதல் மொட்டை போட்டு முடி இப்போதுதான் வளர்ந்து வந்திருந்தது, தொட்டால் பூனைக்குட்டி மாதிரி இருக்கும். யாரிடமும் இருக்கமாட்டாள். வேறு வழியில்லாமல் இடுப்பில் வைத்துக்கொண்டே தெருத்தெருவாகப் போனேன். மாமா முதலில் முகம் சுளித்தார். இரண்டு தெரு போனதும் அவரே கவனித்துவிட்டார். எனக்காக வெளியே வராத பெண்கள் குழந்தையைப் பார்க்க வந்தார்கள். "மொட்டை எந்தக் கோயில்லீங்க?" "பல்லு மொளைக்கறப்ப காச்சல் வந்துச்சுங்களா?" என்று பேச்சு ஆரம்பிக்கும். தலையைத் தடவுவார்கள். அங்கேயே நின்று, தங்கள் பிள்ளைக்குச் சளி விடவே மாட்டேன்கிறது, பள்ளிக்கூடத்தில் கழிப்பறைக் கதவு இல்லை என்பதெல்லாம் சொல்வார்கள். மாமா பாடத்தில் இல்லாத இடங்களில் எல்லாம் நான் நின்றேன்.

"பாப்பாவ உட்டுப்போட்டு வந்தராத அம்மிணி. ஓட்டு அதுகிட்டத்தான் இருக்குது" என்றார் மாமா. வேடிக்கையாகத்தான் சொன்னார். மறுநாள் அவளுக்குப் புது கவுன் வந்தது.

அந்தப் பெண்கள் என்னிடம் பேசினார்கள் என்றுதான் அப்போது நினைத்தேன். எனக்கு அது சந்தோஷமாகவும் இருந்தது. பிறகு யோசிக்கும்போது, திருவிழாவில் கிலுகிலுப்பை ஆட்டிக் கூட்டம் சேர்ப்பவர்களைப் போல என் பிள்ளையைக் காட்டிக்கொண்டு போயிருக்கிறேனோ என்று உறுத்துகிறது. இரண்டும் உண்மையாக இருக்கலாம்.

கரட்டுமேடு எங்கள் ஊரின் கடைசித் தெரு. பாறைக் கரட்டின் அடிவாரச் சரிவில், ஊரைவிட உயரத்தில் இருக்கிறது. எங்கள் பண்ணையிலும் சுற்றுவட்டப் பண்ணைகளிலும் முட்டை பொறுக்கும் பெண்கள் அங்கேதான் குடியிருக்கிறார்கள். மாமா தலைவராக இருந்த காலத்தில் வீட்டுக்கு வீடு குடிநீர்க் குழாய் நட்டுக் கொடுத்தார். தண்ணீர் மட்டும் ஏறவில்லை. நாங்கள் ஓட்டுக் கேட்டுப் போன அன்று முதல் வீட்டுக் குழாயில் ஒரு ஆட்டைக் கட்டியிருந்தார்கள். அது எங்களைப் பார்த்துக்கொண்டே அசைபோட்டது.

எங்கள் கொட்டகையில் வேலை செய்யும் ஒரு அக்கா ஆரத்தித் தட்டோடு முன்னால் நின்றார். வாய்த்துடுக்குக்குப் பேர்போனவர். பண்ணையில் அவர் இருக்கும் பக்கம்தான் சிரிப்புச் சத்தம் கேட்கும். தட்டைக் கையில் வைத்திருந்தாரே தவிர, சுற்றவில்லை.

"ஆரத்தி சுத்தறதுக்கு முந்தி ஒண்ணு கேக்கோணுங் அம்மிணி. தண்ணி வருமுங்களா?"

"முயற்சி பண்றேங்க்கா."

"முயற்சி நாங்களுந்தானுங் பண்றோம். தெனமும் கொழாயத் தொறந்து பாக்கறமல்ல."

பெண்கள் சிரித்தார்கள். என் கணவர் "செஞ்சு தர்றமுங்க" என்று ஆரம்பித்தார். அக்கா அவர் பக்கம் திரும்பவில்லை.

"உங்க மாமனாரும் வருமுன்னுதான் சொன்னாருங். ஆடு கட்டறதுக்கு ஆச்சு." மாமா கரட்டின் உச்சியில் ஏதோ தெரிவதுபோல் மேலே பார்த்துக்கொண்டு நின்றார். "நீங்க அப்படிச் சொல்ல மாட்டீங்கன்னு தெரியுமுங். அதனாலதான் உங்களக் கேக்கறோம். பாப்பா தலைமேல கைய வெச்சு, தண்ணி வருமுன்னு ஒரே ஒரு வார்த்த சொல்லுங். இந்தத் தெரு ஓட்டு ஒண்ணு செதறாது."

பிள்ளை தலைமேல் கை வைத்துச் சொல்வது என்றால் எங்கள் பக்கத்தில் அதற்கு மேல் பேச்சு இல்லை. அண்ணன் தம்பிகளுக்குள் வரப்புத் தகராறு அதோடு முடிந்துபோவதைப் பார்த்திருக்கிறேன். அதனாலேயே யாரும் யாரையும் எளிதில் அப்படிக் கேட்பதும் இல்லை.

அப்போதுதான் நான் இழுத்துக்கொண்டேன். யோசித்துச் செய்ததில்லை. கை தானாகவே அவளை இடுப்பின் முன்பக்கத்திலிருந்து முதுகுப் பக்கமாகத் தள்ளிவிட்டது. ஊர்த் தண்ணீர்த் தொட்டியின் உயரம் இவ்வளவு, இந்தத் தெருவின் உயரம் இவ்வளவு, கீழ்த்தெருக் குழாய்கள் திறந்திருக்கும்வரை தண்ணீர் இங்கே ஏறாது, என்னால் முடியாததை எப்படிச் சொல்வேன் என்ற கணக்கெல்லாம் பிறகு வந்தது. அந்த நிமிடத்தில் என் உள்ளங்கைக்குத் தெரிந்தது பூனைக்குட்டி மாதிரியான அந்தத் தலை மட்டுந்தான்.

தட்டில் சிவப்புத் தண்ணீர் ஆடிக்கொண்டிருந்தது. அக்கா கோபப்படவில்லை.

"செரிங் அம்மிணி. பதிலு கெடச்சுப்போச்சு."

அதற்குள் என் கணவர் முன்னால் வந்தார். குழந்தையின் தலைமேல் கையை வைத்தார். "எம்புள்ள மேல ஆணையாச் சொல்றனுங். தண்ணி வரும்." அவள் அது ஏதோ விளையாட்டு என்று நினைத்து அவர் கையின் மேல் தன் கையை வைத்துக்கொண்டு சிரித்தாள். அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத் தட்டைச் சுற்றினார். எனக்குப் பொட்டு வைத்தார். குழந்தைக்கும் வைத்தார்.

திரும்பி வரும்போது வேனில் கேட்டேன். "ஏனுங்க இப்படிப் பண்ணுனீங்க?"

"நீ புள்ளய இழுத்தியே, அத அத்தன பேரும் பாத்தாங்க. அப்படியே உட்டுட்டு வந்தா எவ ஓட்டுப் போடுவா?"

"தண்ணி வரலைன்னா?"

"எலெக்சன்ல சொல்றதெல்லாம் ஒரு சத்தியமா, புள்ள?"

அப்படிச் சொன்னாரே தவிர, மடியில் தூங்கிவிட்ட அவள் தலையை வீடு வரும்வரை தடவிக்கொண்டே இருந்தார். நான் அதைப் பார்த்தேன். நான் பார்த்தது அவருக்கும் தெரியும்.

எண்ணிக்கை அன்று கரட்டுமேட்டு வார்டுச் சீட்டுகளைப் பிரிக்கும்வரை நான் பின்தங்கியே இருந்தேன். பிரித்ததும் ஜெயித்துவிட்டேன். வெளியே வெடி வெடித்தார்கள். பதவி ஏற்கும்போது அரசியலமைப்பின் மேல் உறுதிமொழி வாசிக்கச் சொன்னார்கள். குரல் தடுமாறாமல் வாசித்தேன். காரணம், அதில் என் பிள்ளையைப் பற்றி ஒன்றும் இல்லை.

அதற்குப் பிறகு கரட்டுமேட்டுப் பெண்கள் யாரும் தண்ணீரைப் பற்றி என்னிடம் கேட்கவே இல்லை. கொட்டகையில், ரேஷன் கடையில், பேருந்தில், கிராம சபையில், எங்கே பார்த்தாலும் ஒரே கேள்விதான்.

"பாப்பா நல்லா இருக்குதுங்களா?"

"நல்லா இருக்குதுங்க" என்பேன். அன்பாகக் கேட்கிறார்களா, எச்சரிக்கிறார்களா என்று அவர்கள் முகத்தில் தேடுவேன். ஒன்றும் தெரியாது. சில நாள் கொட்டகைப் பக்கம் போவதையே தவிர்த்தேன். அந்தக் கேள்விக்கு அஞ்சித்தான் ஒன்றிய அலுவலகத்துக்கும் அலைந்தேன். கரட்டுமேட்டுக்குத் தனியாக ஒரு சின்னத் தொட்டி கட்டித் தரவேண்டும் என்று தீர்மானம் போட்டுக் கொடுத்தேன். "நிதி வரட்டும் மேடம்" என்றார்கள். இங்கிலீஷில் கேட்டாலும் அதே பதில்தான் வந்தது.

எல்லோருக்கும் தெரிந்த இன்னொரு வழியும் இருந்தது. தொட்டிக்குக் கீழே ஒரு வால்வு இருக்கிறது. கீழ்த்தெருக்களுக்குப் போகும் குழாயை ஒருநாள் விட்டு ஒருநாள் அடைத்தால், அழுத்தம் முழுவதும் மேட்டுக் குழாய்க்குக் கிடைத்துத் தண்ணீர் அங்கே ஏறும். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பக்கெட்டையும் டியூபையும் வைத்து நான் செய்து காட்டிய அதே பாடம். ஆனால் கீழ்த்தெரு என்றால் எங்கள் தெரு. எங்கள் சொந்தபந்தம் முழுக்க அங்கேதான்.

ஒரு நாள் காலையில் தொட்டிக்குப் போனேன். தண்ணீர் திறந்துவிடுகிற டேங்க் ஆபரேட்டர் அண்ணன் சாவியோடு நின்றிருந்தார்.

"அண்ணா, இன்னைக்குக் கீழ அடைச்சுட்டு மேல உடுங்க."

"திருகறது பெரிய வேலையில்லீங்க. திருகுனதுக்கப்பறம் உங்க மாமனாருக்கு யாருங்க பதில் சொல்றது?"

"நான் சொல்றேன்."

"அப்பறம் நான் எதுக்குங்க திருகோணும்?" என்று சிரித்துக்கொண்டே சாவியை என்னிடம் நீட்டினார்.

நானே திருகினேன். இறுகிக் கிடந்தது. கையில் துரு ஒட்டியது. ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு கரட்டுமேட்டுக்கு ஏறினேன். ஆடு கட்டியிருந்த குழாய் முதலில் சீறியது. பிறகு இருமியது. பிறகு செம்மண் நிறத்தில் கொஞ்சம் கக்கிவிட்டு, மெல்லியதாகத் தண்ணீர் விழுந்தது. ஆடு கயிற்றை இழுத்துக்கொண்டு துள்ளியது. பெண்கள் குடங்களோடு ஓடிவந்தார்கள். என் தலையில் இருந்து எதையோ இறக்கிவிட்டதுபோல் இருந்தது.

உச்சிவேளைக்குள் கீழ்த்தெருவில் சத்தம் கிளம்பிவிட்டது. வீட்டுக்குப் போனபோது மாமா வாசலிலேயே நின்றிருந்தார். கத்தவில்லை. "அத்தன ஊட்டுலயும் காலிக் கொடம் அம்மிணி. நம்ம சொந்தபந்தம், ஒறம்பரைக்கெல்லாம் நான் என்னன்னு சொல்லட்டும்?" என்றார். அவ்வளவுதான். வால்வைத் திறந்துவிட ஆள் போய்விட்டது. "அதான் தண்ணி வந்துருச்சல்ல. சத்தியம் முடிஞ்சுது, உடு" என்றார் கணவர்.

மறுநாள் கொட்டகையில் அக்காவிடம் நானே போய்ப் பேச்சுக் கொடுத்தேன். "தண்ணி வந்துச்சுங்களாக்கா நேத்து?"

"வந்துச்சுங். விருந்துக்கு வந்த ஒறம்பர மாதிரி வந்துச்சு, ஒரு வாய் குடிக்கறதுக்குள்ள கெளம்பிப் போயிருச்சு" என்றார் முட்டையைத் தட்டில் அடுக்கிக்கொண்டே.

அதற்கு அடுத்த நாளும் நான் போய்த் திருகியிருக்கலாம். யாரும் என் கையைக் கட்டிப் போடவில்லை. தலைவர் நான்தான். ஆனால் மாமா சத்தம் போட்டிருந்தாலாவது எதிர்த்திருப்பேனோ என்னவோ, அந்தத் தாழ்ந்த குரலை எதிர்க்க எனக்குத் தெரியவில்லை. தனித்தொட்டி வந்துவிடும், அதுவரை வீட்டில் அமைதி இருக்கட்டும் என்று சொல்லிக்கொண்டேன். தொட்டி இன்னும் வரவில்லை.

போன மழைக்காலத்தில் மகளுக்குக் காய்ச்சல் கண்டது. பள்ளிக்குப் போகிற வயதாகிவிட்டாள். நாமக்கல்லில் மருத்துவமனையில் சேர்த்தோம். ஊரெல்லாம் இருந்த காய்ச்சல்தான், பயப்பட ஒன்றுமில்லை என்றார் டாக்டர். எனக்கும் அது தெரியும். காய்ச்சலுக்குக் காரணம் கிருமி, கொசு. யாரோ எப்போதோ சொன்ன வார்த்தை இல்லை. ஆனால் ஈரத்துணியை நெற்றியில் போடப் போனால், அதைக் கொஞ்சம் மேலே, என் கணவர் அன்று கை வைத்த இடத்தில் போட்டுக்கொண்டிருந்தேன். அத்தை என் காதருகே வந்து, "அந்தத் தண்ணி விசயம் என்னாச்சு கண்ணு?" என்று கேட்டார். என் கணவர் வராந்தாவுக்குப் போய், அத்தனை காலத்தில் முதல்முறையாகத் தானே ஒன்றிய என்ஜினீயருக்கு போன் போட்டுத் தொட்டியைப் பற்றி விசாரித்தார். கண்ணாடிக் கதவு வழியாக அவர் குனிந்து பேசுவது தெரிந்தது. எலெக்சன்ல சொல்றதெல்லாம் ஒரு சத்தியமா என்று கேட்டவர்.

காய்ச்சல் விட்டு வீட்டுக்கு வந்த பிறகு அந்த அக்கா இளநீரோடு பார்க்க வந்தார். நாற்காலியை இழுத்துப் போட்டேன். நுனியில் உட்கார்ந்தார். மகளைப் பக்கத்தில் கூப்பிட்டுக் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தார். தலையைத் தொடவில்லை.

"எங்க தெருப் பொம்பளைங்க பேசிக்கிட்டமுங். மாரியாத்தா கோயில் நோம்பி வருதல்லங். அன்னைக்குப் பாப்பாவக் கூட்டிட்டு வாங். மஞ்சத்தண்ணி ஊத்தி, ஆத்தா முன்னால நாங்களே சொல்லிப்போடறோம், அந்த வார்த்த இனி இந்தப் புள்ள மேல இல்லைன்னு. தண்ணி வந்தா வருது, வராட்டிப் போவுது. புள்ள என்னங் பண்ணுச்சு?"

"எல்லாரும் பாப்பா நல்லா இருக்குதான்னே கேப்பீங்களே. நான் எனக்கு எச்சரிக்கைன்னு நெனச்சேன்க்கா."

"நல்லா இருக்கோணுமுன்னுதானுங் கேட்டோம்." சிரித்தார். "சித்த ஞாபகப்படுத்தவுந்தான்."

எழுந்து போகும்போது இன்னொன்றும் சொன்னார். "உங்க ஊட்டுக்காரரு கை வெச்சதுக்கா நாங்க ஓட்டுப் போட்டோம்? ஓட்டுக்கு நிக்கறவங்க எது மேல வேண்ணாலும் கை வெப்பாங்க. நீங்க புள்ளய இழுத்தீங் பாருங், அதப் பாத்துத்தான் போட்டோம். வார்த்தைக்குப் பயப்படறவங்க எதாச்சும் பண்ணுவாங்கன்னு."

இதைக் கேட்ட பிறகுதான் என் நிம்மதி முழுவதும் போயிற்று.

இப்போது மறுபடி தேர்தல் பேச்சு வந்துவிட்டது. நான்தான் நிற்கவேண்டும் என்று வீட்டில் முடிவு செய்திருக்கிறார்கள். அந்த நோம்பித் திருவிழாவுக்குப் போவதில் மாமாவுக்கும் கணவருக்கும் என்னைவிட ஆர்வம். கோயிலில் சத்தியம் இறங்கியதும் அதே தெருவிலிருந்து பிரசாரத்தை ஆரம்பித்துவிடலாம், படம் எடுக்க ஆள் சொல்லிவிடலாம் என்கிறார் கணவர். அவர் கெட்டவர் இல்லை. அவருக்கும் அந்தப் பாரம் இறங்கவேண்டும். அதைப் பிரசாரம் என்ற பெயரில்தான் அவரால் கேட்க முடிகிறது.

பெரியவர்கள் பேசுவது குழந்தைகள் காதில் விழாமல் இருக்குமா? குளிக்க வைக்கும்போது அவள் கேட்டாள்: "தண்ணி வரலைன்னா என் தலைக்கு என்னம்மா ஆகும்?"

"ஒண்ணும் ஆகாது சாமி" என்றேன். சொல்லிவிட்டு அவள் தலையில் சீயக்காய் தேய்த்தேன், அந்த இடத்தில் மட்டும் மெதுவாக.

என் குழப்பம் இதுதான். நோம்பிக்குப் போனால் என் பிள்ளை தலையிலிருந்து அந்த வார்த்தை இறங்கிவிடும். எனக்குத் தூக்கம் வரும். ஆனால் நான் இதுவரை அந்தத் தெருவுக்காகச் செய்த கொஞ்சநஞ்சமும், அலைந்த அலைச்சலும், அன்று வால்வைத் திருகியதும், எல்லாம் அந்தப் பயத்தினால்தான். அவர்கள் ஓட்டுப் போட்டதும் அந்தப் பயத்துக்குத்தான் என்கிறார்கள். அதையே அவர்கள் கையால் கழுவிவிட்டால், பிறகு கரட்டுமேட்டுக்கு என்மேல் என்ன பிடி இருக்கிறது? மற்றவர்களைப் போல நானும் "செஞ்சு தர்றனுங்க" என்று சொல்லிக்கொண்டே நடந்து போய்விடமாட்டேனா? நோம்பிக்கு முன்பே வால்வைத் திருகி, இனி ஒருநாள் விட்டு ஒருநாள்தான் என்று கீழ்த்தெருவில் சொல்லிவிடலாம் என்றும் நினைக்கிறேன். சொன்னால் தேர்தலில் தோற்பேன். வீட்டில் என்ன ஆகும் என்று தெரியாது. நினைக்கிறேன், பிறகு அடுப்பைப் பார்க்கப் போய்விடுகிறேன்.

இதைப் படிக்கிறவர்களில் பிள்ளை பெற்றவர்கள் இருப்பீர்கள். ஊர்ப் பொறுப்பில் இருந்தவர்களும் ஒருவேளை இருக்கலாம். அந்த அக்கா இன்னும் என் பதிலுக்காகக் காத்திருக்கிறார். மகளைக் கூட்டிக்கொண்டு போய் மஞ்சள் தண்ணீருக்குத் தலையைக் குனியச் சொல்லட்டுமா, இல்லை, தண்ணீர் வரும்வரை அந்த வார்த்தை அங்கேயே இருக்கட்டும் என்று சொல்லட்டுமா? பெற்றவளுக்கு அப்படிச் சொல்ல உரிமை உண்டா? உங்களுக்குச் சரி என்று படுவதை எழுதுங்கள். நோம்பிக்கு முன்பு எழுதினால் உதவியாக இருக்கும்.